ரத்தம் சொல்லாத தேதி

யாருக்காவது காய்ச்சல் என்றால் அம்மா டம்ளரைக் கையில் கொடுக்க மாட்டாள். கட்டிலுக்கு எட்ட வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து மகள் பார்க்கும் பழக்கம் இது.

குழந்தைகள் காப்பகத்தில் அம்மா சேரவிருந்த ஆயா வேலைக்கு ரத்தப் பரிசோதனை கேட்டார்கள். முடிவை மகள்தான் படித்துச் சொன்னாள்.

"சின்னம்மையை எதிர்க்கிற சக்தி உன் ரத்தத்துல இருக்கும்மா. வெளியே தெரியாம எப்பவோ வந்து போயிருக்கு. உடம்பு அந்தக் கிருமியை மறக்கல. வேலை உறுதி."

அம்மா சிரிக்கவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தாள்.

"சின்ன வயசுல உன் மாமாவுக்கு அம்மை போட்டப்போ, எனக்கும் ஒட்டிக்கும்னு பதினோரு நாள் அந்த அறைக்குள்ள கால் வைக்கல. 'அக்கா, கொஞ்சம் பக்கத்துல உட்காரேன்'னு அழுதான். எனக்கு அதுக்கு முன்னாடியே வந்துடுச்சா, பின்னாடியா?"

"அந்தத் தேதியை ரத்தம் சொல்லாதும்மா."

"இவ்வளவு படிச்சும் இது தெரியலையாடி?"

மகளுக்குச் சுருக்கென்றது. "மாமாவுக்குப் போன் போடேன்."

அம்மா எண்ணை அழுத்தினாள். மணி அடிக்கும் முன்பே துண்டித்தாள். மறு மாதம் காப்பகத்தில் ஒரு குழந்தைக்குச் சின்னம்மை கண்டபோது, பெற்றவள் வரும்வரை அதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பியிடம் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை மட்டும் இன்னும் பாக்கி.