நான்கு தொட்டிகளுக்கு ஊற்றிய தீர்த்தம்

எண்பதுகளின் கடைசியில் எங்கள் மகள் பெங்களூரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். தண்ணீர் கிடைக்காதபோது மட்டும் விழித்து வேலை செய்யும் ஒரு மரபணுவைக் கேழ்வரகிலிருந்து பிரித்து, பாக்டீரியாவுக்குள் வைத்துப் பெருக்கியிருந்தாள். குளோன் என்றாள். இரண்டு வருட உழைப்பு. வெயிலில் நிஜமாகக் காயும் செடியிலும் அது விழிக்கிறது என்று காட்டினால்தான் பேராசிரியர் ஆய்வேட்டை எழுதவிடுவார். பெங்களூர் வெயில் போதாதென்று, சித்தேரி மலைக் கேழ்வரகு விதையைத் தருமபுரியில் எங்கள் வீட்டு மாடியில் ஆறு தொட்டிகளில் விதைத்துவிட்டுப் போனாள்.

நான்தான் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன். ஈஸ்டருக்குப் பத்து நாள் முன்பு வந்தவள், ஒப்பிட்டுப் பார்க்க இரண்டை விட்டுவிட்டு, நான்கு தொட்டிகளுக்குத் தண்ணீரை நிறுத்தச் சொன்னாள்.

"ஊரே மழை வருமான்னு வானத்தப் பாக்குது. நீ கேவுர பட்டினி போட்டு டாக்டராவப் போறியா?" என்றார் என் கணவர்.

"நீங்க மாடிப் பக்கமே வராதீங்கப்பா. உங்க வேர்வை பட்டாக்கூட ஈரமாயிரும்."

ஈஸ்டர் காலையில் பூசை முடிந்து, புதிதாக மந்திரித்த தீர்த்தத்தோடு வந்தேன். போன வருடத்துத் தீர்த்தம் ஒரு பாட்டில் மீதி இருந்தது. அதைக் கால் மிதிபடும் இடத்தில் கொட்டக் கூடாது. செடி வேரில்தான் ஊற்ற வேண்டும். மாடிக்குப் போனேன். நான்கு தொட்டிகளிலும் இலைகள் ஊசிபோலச் சுருண்டிருந்தன. ஊற்றினேன். பள்ளியில் அறிவியல் பாடம் நடத்துகிறவள் நான். தீர்த்தத்தை அப்போது தண்ணீர் என்று நினைக்கவே இல்லை.

சாயங்காலம் சோதனைக்கு இலைகளைக் கிள்ளப் போன மகள் மேலிருந்து கத்தினாள். "அம்மா, சித்தேரி கேவுரு எப்படித் தாங்குது பாரேன்! சுருளே விரிஞ்சிருச்சு!" அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலி பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தேன். அவள் இலைகளை உறையவைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

ஆறு மாதம் கழித்து வந்தபோது இளைத்திருந்தாள். அந்த மரபணு விழித்திருந்தால், சோதனைப் படத்தில் வறண்ட செடிக்குக் கறுப்புக் கோடு விழ வேண்டுமாம். விழவில்லை.

"இது வறட்சிக்கான ஜீனே இல்லன்னுட்டாரு எங்க புரொபசர். வேற தேடணும்."

"தண்ணி ஊத்துனா அந்த ஜீன் அடங்க எவ்ளோ நேரமாவும் கண்ணு?"

"சில மணி நேரம் போதும். ஏம்மா?"

"சும்மாதான்."

மறுநாள் பேருந்து நிலையத்தில்தான் சொன்னேன். அவள் பையைக் கீழே வைத்தாள்.

"எத்தன மணிக்கு?"

"எட்டு இருக்கும்."

"நாலுக்குமா?"

"நாலுக்கும். கால் கால் பாட்டில்."

டைரியை எடுத்து எழுதிக்கொண்டாள்.

"குளோன் இருக்குதில்ல?" என்றேன்.

"அது வளந்த தட்டெல்லாம் இனி வேண்டாம்னு போன வாரமே வேகவச்சுக் கொட்டியாச்சும்மா."

திட்டுவாள் என்று நின்றிருந்தேன். அவள் ஓசூர் வழி பஸ்ஸில் ஏறி, நான் நிற்காத பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. முதலிலிருந்து தொடங்கியிருப்பதாக இன்லாண்ட் லெட்டர் மட்டும் வந்தது. இந்தமுறை செடிகளை எங்கே வளர்க்கிறாள் என்று அதில் இல்லை. நானும் கேட்டு எழுதவில்லை.