கன்னத்தில் குழி விழும் காட்டேரி

எழுபத்தெட்டாம் ஆண்டு. படம் பார்த்தது சனிக்கிழமை மதியக் காட்சி. என் தங்கையைப் பெண் பார்க்க மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தது மறுநாள் ஞாயிறு. பார்த்த படங்களைத் தேதி, அரங்கு, காட்சி நேரத்தோடு குறித்துவைப்பவன் நான். அதனால் இந்த வரிசையில் எனக்குச் சந்தேகம் இல்லை. இதைச் சொல்லக் காரணம் உண்டு. மாப்பிள்ளையைப் பார்த்த பிறகு என் தங்கை படத்துக்கு ஒரு பொருள் கற்பித்துக்கொண்டாள் என்று அம்மா கடைசிவரை சொல்லிவந்தார். அது சரியல்ல. அவள் தன் கருத்தைச் சொன்னது முதல் நாளே.

அந்தப் படத்தில் நடித்தவர் அப்போது தமிழர் வீடுகளுக்கெல்லாம் மூத்த அண்ணன். தங்கைக்குத் தாலி வாங்க மூட்டை தூக்குவார், கன்னத்தில் குழி விழச் சிரிப்பார். அவரைப் போய் இரத்தம் குடிக்கும் காட்டேரியாகப் போட்டிருந்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு நடந்து திரும்பும்போதே எனக்கும் தங்கைக்கும் சண்டை ஆரம்பித்துவிட்டது.

"தப்பான ஆளைப் போட்டுட்டாங்க," என்றேன். மேலைநாட்டுக் காட்டேரிக் கதைகள் பல படித்திருந்த தெம்பு எனக்கு. "காட்டேரின்னா முகத்துல ஒரு பசி வேணும். இவரு கல்யாண வீட்டுல பந்தி விசாரிக்கிற மாதிரி வராரு."

"பசிச்சவன் முகத்துலதான் பசி தெரியும். இவரு இப்பத்தான் சாப்பிட்டு எழுந்தவரு."

"பேசு நல்லா. படத்துல ஒரு அம்மா பிள்ளையை விட்டுடுன்னு காலைப் பிடிச்சு அழறாங்க. அப்பவும் அதே சிரிப்பு. மனுசனுக்கு முகத்தை மாத்தத் தெரியலலா!"

"எனக்குப் பல்லு பயமா இல்லண்ணே. அந்தச் சிரிப்புதான் பயமா இருந்துச்சு. அந்தம்மா அழுதது அவரு காதுல விழுந்துச்சு. முகத்துக்குப் போய்ச் சேரல."

ஞாயிறு மூன்றரை மணிக்கு மாப்பிள்ளை வந்தார். பந்திங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி. நிரந்தர வேலை, நல்ல உயரம். சீர்வரிசை எதுவும் வேண்டாம் என்று முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். தங்கைக்கு அப்போது இருபத்தேழு வயது. இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் இன்னொரு இடம் வராது என்று அம்மா முடிவே கட்டியிருந்தார்.

நான்கு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. விளக்குப் போடும் அளவுக்கு வீடு இருண்டது. அம்மா, கேட்காமலே, அப்பா செத்த கதையைத் தொடங்கினார். ரயில் பெட்டிகளைக் கோக்கும் இடத்தில் நடந்தது அது. அந்தக் கதையைக் கேட்க முடியாமல் நான் எழுந்து சாரல் அடிக்கும் ஜன்னல்களைச் சாத்தப் போனேன். மாப்பிள்ளை இரண்டு முறை "அடடா" என்றது கேட்டது. திரும்பி வந்தபோது அவர் தேநீரில் ஆடை படிந்திருந்தது. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

"தங்கமான பிள்ளை," என்றார் அம்மா, அவர் போனதும். "முகம் சுளிக்கவே தெரியல." எனக்கும் அப்படித்தான் பட்டது. சம்மதம் என்று சொல்லியனுப்ப நாள் பார்த்தோம்.

மறுநாள் மாலை, கிள்ளானில் டைப்பிஸ்ட் வேலை முடிந்து வந்த தங்கை, செருப்பைக் கழற்றாமலே சொன்னாள்.

"அப்பாவை ரெண்டு பெட்டிக்கு நடுவுலேர்ந்து எடுத்தாங்கன்னு அம்மா அழுதாங்களே. நான் திரைக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அவரு சிரிச்சுக்கிட்டு இருந்தாருண்ணே."

"கூச்சமா இருக்கும். பொண்ணு பாக்க வந்தவன் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டா உக்காருவான்?"

"வாய் அடடாங்குது. முகம் சிரிக்குது. முன்னாடி அனுப்பின போட்டோல எப்படியோ அப்படியே. ஒரு இம்மி கூடல, குறையல."

"முந்தாநாள் பாத்த படத்தை இவரு மேல ஒட்டாதே."

"சரி, நான் ஒட்டல. நீயே பந்திங் போ. வேணாம்னு நேர்ல சொல்லு. அவரு முகம் மாறுச்சுன்னா, கோபமோ வருத்தமோ எதுவா இருந்தாலும், நான் அவரைக் கட்டிக்கிறேன். விளையாட்டுக்குச் சொன்னேன்னு நானே வந்து மன்னிப்புக் கேக்குறேன்."

அடுத்த சனிக்கிழமை கிள்ளானில் பஸ் மாறிப் போனேன். அவர் கோபப்பட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன். காலை பதினொரு மணிக்குச் செம்பனைகளுக்கடியில் மாலை போல இருந்தது. ஆபீஸில் அவர் மட்டும் இருந்தார். சொன்னேன்.

"பரவாயில்லண்ணே. இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க, சாப்பிட்டுப் போங்க."

சிரித்தார். கன்னத்தில் குழி. ஞாயிறு பார்த்த அதே அளவு, அதே ஆழம். எனக்கு என்னவோ ஆகிவிட்டது. அந்தச் சிரிப்பைப் போக்கடிக்க வேண்டும் என்று மனமறிந்து ஒரு கொடுமை செய்தேன். "என் தங்கச்சிக்கு உங்க முகத்தைப் பாத்தாலே பிடிக்கலையாம்," என்றேன்.

"அப்படியா?" என்றார். குரலில் ஏதோ இறங்கியது. அது எனக்கு நிச்சயமாகக் கேட்டது. முகம் மட்டும் அப்படியே இருந்தது. படத்தில் அந்தத் தாயின் முன் நின்ற நடிகருக்கு நடிக்கத் தெரியாமல் இல்லை என்பது அவர் எதிரே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

அவர் பஸ் நிற்கும் இடம்வரை கூட வந்தார். திரும்பும் பஸ்ஸில் ஒரு பொய் தயார் செய்தேன்: பாவம், இடிந்துபோய்விட்டார், கண் கலங்கினார். கிள்ளான் வருவதற்குள் அது நம்பும்படியாகவே வந்துவிட்டது. அவர் பிறவியிலேயே அப்படி அமைந்த முகக்காரராக இருக்கலாம் என்றும் தோன்றியது. இருக்கலாம்.

வீட்டில் தங்கை துணி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மாறுச்சா?"

தயார் செய்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல."

"நீ பஸ் ஏறினப்புறம்?"

"பஸ் வளைவுல திரும்பும்போது பாத்தேன். எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு எதிர்ப்பக்கக் கடைக் கண்ணாடி முன்னால நின்னாரு. ரோட்டுல யாரும் இல்ல. கண்ணாடியில முகம் தெரிஞ்சுது."

"சிரிச்சுக்கிட்டா?"

"ஆமா."

சமையலறையிலிருந்து அம்மா, "என்னடா, மாப்பிள்ளை என்ன சொன்னாரு?" என்று கூப்பிட்டார். தங்கை இஸ்திரிப்பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். "அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன், நீ கைகால் கழுவு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.