திருப்பிப் போடுங்கோ

இது நடந்தது. 2001 ஆகஸ்டில், சாலைக் கடைத்தெரு மாடியில் இருந்த ஒலிப்பதிவு அறையில். அந்த அறையை நடத்திய திரவியம் இன்றைக்கும் இதைச் சொல்லும்போது குரல் ஏறாது, இறங்காது. பயந்து முடித்துவிட்டவன் அப்படித்தான் பேசுவான்.

பாறசாலை சத்தியநேசன் தானே கட்டிப் பாடிய நாட்டுப்பாட்டுகள், இரண்டு கேசட். 1989-இல் ஒன்று, 91-இல் ஒன்று. இரண்டையும் ஒரே சிடியாக்கி, அவருடைய மூன்றாம் நினைவு நாளில் சர்ச்சில் கொடுக்க வேண்டும் என்று மனைவி செல்லபாய் வந்தாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள். இரண்டு கேசட்டிலும் முதல் பக்கம் முடியும்போது, "திருப்பிப் போடுங்கோ" என்று சத்தியநேசன் சொல்வார்.

"அந்தப் பேச்சு மட்டும் வேண்டாம் தம்பி. என்னால கேக்க முடியாது."

சிடியை யார் திருப்பிப் போடப் போகிறார்கள், வெட்டிவிட்டால் போயிற்று என்று திரவியம் சிரித்தான்.

புதன்கிழமை, பிற்பகல் 2.20. இரண்டு இடத்திலும் வெட்டினான். கம்ப்யூட்டர் திரையில் அங்கே வெறும் கோடு. சிடியில் பதிந்து, ஓடவிட்டுக் கேட்டான். பதினெட்டாவது நிமிடம் பாட்டு முடிந்தது. அமைதி...

டக். டக்.

மரத்தில் விரலால் தட்டுகிற சத்தம். கேசட்டைப் போட்டுப் பார்த்தான். அதில் இல்லை.

2.45. புது டிஸ்க். டக். டக்... கொஞ்சம் பொறுத்து, மறுபடியும். டக். டக்.

3.10. மூன்றாவது டிஸ்க். தட்டல் நிற்கவில்லை.

அடுத்த பாட்டே வரவில்லை.



நாலு மணிக்குச் செல்லபாய் வந்தாள். மறைக்காமல் போட்டுக் காட்டினான். அவள் முகம் மாறவில்லை. நிற்காமல் தட்டியது எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள். சொன்னான்.

சத்தியநேசன் வாதம் வந்து இரண்டு வருஷம் கிடந்தாராம். நாக்கும் இழுத்துவிட்டது. தானாகப் புரண்டு படுக்க முடியாது. திருப்பிப் போட வேண்டும் என்றால் கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டு தட்டுவார். மணிக்கு ஒரு தடவை, இரவும் பகலும்.

"கடைசி நாளும் மத்தியானம் மூணு பத்துக்குத் தட்டுனாரு. கேட்டுது. நான் கண்ண மூடிக் கெடந்தேன்."

டிஸ்க் ஓடிக்கொண்டே இருந்தது.

"தட்டு நின்னப்போ, ஒரு சமாதானமா இருந்துது தம்பி."