மேட்டில் இறங்கியவன்

சின்னமுத்துவின் கையில் எப்போதும் சாட்டை இருக்கும். அது மாட்டின் மேல் விழுந்து ஒருவரும் பார்த்ததில்லை. கண்டியிலிருந்து கொழும்புக்குக் காப்பி ஏற்றிப் போன வண்டிக்காரர்களில் அவனைப் போல ஒருவன் கிடையாது என்று அவனுடைய அண்ணன் பொன்னையா சொல்வான். அது உடன்பிறந்த பாசம் மட்டுமல்ல. பொன்னையா வேலை பார்த்த காப்பிக் கிட்டங்கியில் எல்லாருமே அப்படித்தான் சொன்னார்கள். மழைக்காலத்தில் மூட்டை நனையாமல் போய்ச் சேர வேண்டுமானால் சின்னமுத்துவைக் கூப்பிடு என்பார்கள்.

காப்பியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டியில் அரிசி இருக்கும். அந்தப் பாரத்தோடு, கண்டிக்கு முன்னால் உள்ள கடுகண்ணாவை என்ற மலைமேட்டில் ஏற வேண்டும். ஒருமுறை பொன்னையாவும் அந்த வண்டியில் வந்தான். மேடு தொடங்கிய இடத்தில் தம்பி குதித்து இறங்கிச் சக்கரத்துக்குத் தோள் கொடுத்தான். அண்ணன் மூட்டைமேல் சாய்ந்தபடியே இருந்தான்.

“அண்ணே, எறங்குங்க.”

“ஏன்டா, ஊரு வந்திருச்சா?”

“மேடு வந்திருச்சு. மயிலைக் காளைக்கு நாக்குத் தள்ளுது, நீங்க மகாராசா கணக்கா சாஞ்சிருக்கீங்க. ஒங்க ஒடம்பையும் அதுதானே இழுக்குது?”

பொன்னையா வெட்கப்பட்டு இறங்கி உச்சிவரை நடந்தான். வண்டிக்காரர்களுக்கு அது எழுதாத சட்டம். மேட்டில் இறங்கு, உச்சியில் ஓடிப்போய் ஏறிக்கொள். அதற்காக மாட்டை நிறுத்துவதில்லை. நிறுத்தினால் மறுபடி இழுக்க வைப்பது பெரும்பாடு.

ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தேழில் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது. காப்பி மூட்டைகள் அதில் ஏறின. கொழும்புச் சாலையில் வண்டிச் சத்தம் குறைந்தது. சின்னமுத்து நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கண்டிக்குக் காப்பி இழுத்துக் காலம் தள்ளினான். ரயிலில் மட்டும் ஏற மறுத்தான். “நம்ம சோத்துல மண்ணப் போட்ட கோச்சி. அதுல போய்க் குந்தச் சொல்றீங்களா?” என்பான்.

இரண்டு வருடம் கழித்து, மயிலையையும் செவலையையும் அண்ணன் வீட்டில் கட்டிவிட்டு, கல்யாணத்துக்காகக் கடல் தாண்டி ஊருக்குப் போனான். மணப்பெண் பாலம்மா. தூத்துக்குடியில் கப்பலேறி இருவரும் கொழும்புக்கு வருவதாக ஏற்பாடு. அங்கிருந்து கண்டிக்கு எழுபது மைலுக்கு மேல். காய்ச்சலும் வாந்திபேதியும் வழிப்பறியும் உள்ள சாலையில் புதுப்பெண்ணை நடத்தி வரக் கூடாது, ரயிலில்தான் வர வேண்டும் என்று பொன்னையா பிடிவாதமாகச் சொல்லி அனுப்பினான்.

சொன்னதோடு விடவில்லை. பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் படித்தவன். எந்தக் காரியத்தையும் ஓட்டை இல்லாமல் செய்பவன். தெரியாத தேசத்தில் ரயிலேறும் பெண்ணுக்கும் தம்பிக்கும் என்னென்ன ஆபத்து நேரலாம் என்று யோசித்து யோசித்து எழுதினான். டிக்கெட்டை வேட்டி மடியில் முடிந்துகொள். தெரியாதவர் தரும் எதையும் வாங்கித் தின்னாதே. தலையை வெளியே நீட்டாதே, கண்ணில் கரி விழும். மூட்டையைக் காலுக்கடியில் வை. பெண்ணை ஓரத்தில் உட்கார வைக்காதே. பேராதனையைக் கண்டி என்று நினைத்துவிடாதே. “கண்டி” என்று கூவும்வரை மேடையில் கால் வைக்காதே. இப்படிப் பதினொன்று.

கிட்டங்கியில் சாக்குத் தைக்கும் ஸெய்னுலாப்தீன் காக்கா எட்டிப் பார்த்தார்.

“என்ன பொன்னையா, தம்பி கண்டிக்கு வாறாரா, சீமைக்குப் போறாரா? இதப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள கோச்சி வந்து சேந்திடுமே!”

“சிரிங்க காக்கா. ஒண்ணு விட்டுப்போனாலும் எனக்குத் தூக்கம் வராது.”

ஊர் வாத்தியார் கையெழுத்தில் பதில் வந்தது. அண்ணன் சொல்லைத் தட்டமாட்டேன், கோச்சியிலேயே வருகிறேன் என்றிருந்தது.

கப்பல் என்றைக்கு வரும் என்று தெரியாததால் பொன்னையா நான்கு நாள் தொடர்ந்து கண்டி ஸ்டேஷனுக்குப் போனான். நான்காம் நாள் பிற்பகல், எல்லாரும் இறங்கிய பிறகு, தாலிக் கயிற்றில் மஞ்சள் மாறாத ஒரு பெண் தலையில் மூட்டையோடு தனியாக இறங்கினாள். அவள் கையில் ஒரு காகிதம். பொன்னையாவுக்கு அவளைத் தெரியாது. காகிதத்தில் இருந்த தன் எழுத்தைத் தெரிந்தது.

“பாலம்மாவா? நான்தான் தாயி, பொன்னையா. அவன் எங்க?”

அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். “பின்னால நடந்து வர்றாக.”

“நடந்தா?”

“மேட்டுல கோச்சிக்கு ரொம்ப மூச்சு வாங்குச்சு. நகரவே மாட்டேங்குது. அவுகளுக்கு இருப்புக் கொள்ளல. ‘இத்தன பேரும் குந்திக்கிட்டிருந்தா பாவம் எப்படி இழுக்கும்’னாக. துண்டப் பிடிச்சு இழுத்தேன். ‘நீ பொம்பள, குந்திக்க. நான் உச்சியில ஏறிக்கிறேன்’னுட்டு, கதவத் தெறந்து எறங்கிட்டாக. ஒடனே மலைப் பொந்துக்குள்ள பூந்துருச்சு, ஒண்ணும் தெரியல. உச்சியிலயும் அவுகளக் காணல. நான் எறங்கல. கண்டின்னு கூவுற மட்டும் எறங்கக் கூடாதுன்னு எழுதியிருக்கீகளாமே.”

“எந்தப் பக்கமா எறங்குனான் தாயி?”

“வெளி தெரியுற பக்கம். கீழ மரமெல்லாம் புல்லாட்டம் தெரிஞ்சுச்சு.”

பொன்னையா அவளைத் தன் மனைவி பாப்பம்மாவிடம் விட்டுவிட்டு, மறுநாள் காலை முதல் ரயிலில் கிளம்பினான்.

மலைப்பாதையில் தண்டவாள வேலை செய்யும் கூட்டத்துக் கங்காணி கறுப்பையாதான் விவரம் சொன்னார். பாறைக்குக் கீழே, முந்தின நாள் அந்தி சாயும் முன்பே உடலைக் கண்டெடுத்திருந்தார்கள். ஓலைப் பந்தலில் கிடத்தியிருந்தார்கள்.

“குடிச்சிருந்தானோன்னு நெனச்சோம். அப்படி ஒண்ணும் இல்ல” என்றார் கங்காணி. “ஏன் எறங்குனான்னுதான் யாருக்கும் புரியல.”

பொன்னையாவுக்குப் புரிந்தது. டிக்கெட் வேட்டி மடியில் முடிந்தபடியே இருந்தது, இரண்டு முடிச்சுப் போட்டு. எழுதிய பதினொன்றில் தம்பி ஒன்றைக்கூட மீறவில்லை. கண்டிக்கு முன்னால் எந்த மேடையிலும் அவன் கால் வைக்கவில்லை. அந்த மேட்டில் தன்னையே இறக்கி நடக்கவிட்டவனுக்கு, ரயிலுக்கு உயிர் இல்லை, அதற்கு யாரும் இரங்க வேண்டாம் என்று எழுதத் தோன்றவில்லை.

அங்கேயே தம்பியின் இறுதிக் காரியத்தை முடித்துவிட்டு இரண்டாம் நாள் திரும்பினான். மடியில் தம்பியின் துண்டு இருந்தது. ரயில் இறம்புக்கணையைத் தாண்டி மேடு ஏறத் தொடங்கியது. வேகம் குறைந்தது, இழுத்து இழுத்து மூச்சு விட்டது. பொன்னையா தன்னை அறியாமல் பலகையிலிருந்து எழுந்தான்.

“ஒக்காருங்க, விழுந்துருவீங்க” என்றார் எதிரே இருந்தவர்.

பொன்னையா கம்பியைப் பிடித்துக்கொண்டு உச்சிவரை நின்றான்.

“கண்டி! கண்டி!” என்று கூவினார்கள். எல்லாரும் இறங்கினார்கள். பொன்னையாவால் கால் எடுத்து வைக்க முடியவில்லை. மேடையின் கோடியில் பாப்பம்மாவோடு பாலம்மா நின்றிருந்தாள். அவள் ரயிலைப் பார்க்கவில்லை. யாரும் வராத தண்டவாளத்தை, அது வளைந்து மறையும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.