மாமா நடுங்கிய படம்

எங்கள் அம்மாவின் தம்பி நிஜமான சண்டையில் துப்பாக்கி பிடித்தவர். அதற்குப் பிறகு சினிமாவிலும் பிடித்தவர். மீனாட்சிபுரத்தில் வேறு எந்தப் பிள்ளைக்கும் இப்படி ஒரு மாமா கிடையாது. ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் இதை நான் சொல்லி முடித்திருந்தேன். கேட்டவர்களிடமும் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

உலகச் சண்டை நடந்தபோது மாமாவுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு ஓட்டிக்கொண்டு போனவர், அங்கே பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாட்டைக் கூட வந்தவர்களிடம் விட்டுவிட்டு வரிசையில் போய் நின்றுவிட்டாராம். மாடு வீடு திரும்பியது, மாமா திரும்பவில்லை. பர்மாவில் இருந்துவிட்டு, இளைத்துக் கறுத்து அவர் வந்து சேர்ந்தபோது நான் கைக்குழந்தை.

வந்தவர் காடு தோட்டம் என்று தங்கவில்லை. கோயமுத்தூரில் அப்போது படம் எடுக்கும் ஸ்டுடியோக்கள் இருந்தன. உயரமாக, விறைப்பாக நிற்கத் தெரிந்த ஆட்களுக்கு அங்கே எப்போதும் வேலை இருந்தது. ராஜா காலத்துப் படங்களில் அரண்மனை வாசலில் ஈட்டியோடு இரண்டு பேர் நிற்பார்கள் அல்லவா, அதில் இடது பக்கத்து ஆள் பல படங்களில் எங்கள் மாமாதான். திரையில் அவர் தோளோ தலைப்பாகையோ தெரிந்த உடனே அம்மா என் தொடையைக் கிள்ளுவாள். அந்தக் கிள்ளலுக்காகவே நான் அவள் பக்கத்தில் உட்காருவேன்.

அம்மாவைவிட அப்பாவுக்குத்தான் மைத்துனரைப் பற்றிப் பெருமை அதிகம். பட்டாளத்தில் கொடுத்த காக்கிக் கம்பளிக் கோட்டை மாமா அவருக்குத் தந்திருந்தார். மார்கழியில் எருமை கறக்கும்போது அதைப் போட்டுக்கொள்வார், அது சரி. சித்திரையிலும் சில நாள் போட்டுக்கொண்டு கடைவீதிக்குக் கிளம்புவார். யாராவது ஒருவர், “ஏனுங்க, இந்த வெயில்ல கோட்டு எதுக்குங்க?” என்று கேட்க வேண்டும். “எங்க மாப்ள பர்மாவுல போட்டிருந்ததுங்க” என்று இவர் சொல்ல வேண்டும். வேர்த்து வழிவதெல்லாம் அப்புறம்தான்.

அந்த வருஷம் மாமாவுக்குப் பெரிய வேஷம் கிடைத்திருப்பதாகச் செய்தி வந்தது. ஈட்டி இல்லை, தலைப்பாகை இல்லை. பட்டாளத்துக் கதை, அதில் பட்டாளத்துக்காரனாகவே நடிக்கிறார், பேசவும் செய்கிறார் என்றார்கள். நான் பள்ளிக்கூடத்தில் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன்.

படம் எங்கள் பக்கத்துக்கு வந்தது மாசி மாதம். எங்கள் ஊர் மலையாளச் சீமையின் எல்லையில் இருந்தது. அந்தப் பக்கம் தமிழ்ச் சீமை, அங்கே கள் இறக்கக் கூடாது என்று சட்டம். எங்கள் பக்கம் தமிழ்ப் படம் ஓடும் கொட்டகை இல்லை. அதனால் அந்தப் பக்கத்து ஆண்கள் கள்ளுக்கு இங்கே வருவார்கள். நாங்கள் குடும்பத்தோடு சினிமாவுக்கு அங்கே போவோம். வழியில் எதிர்ப்பட்டால் இரண்டு கூட்டமும் தலையை ஆட்டிக்கொண்டு கடந்துபோகும். கோபாலபுரத்தைத் தாண்டி ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. அப்பா இரண்டு வண்டி கட்டி, தெரிந்தவர் அறிந்தவரையெல்லாம் ஏற்றிக்கொண்டார். காக்கிக் கோட்டும் ஏறியது.

படத்தில் கதாநாயகன் தனி ஆளாக ஒரு குன்றையே பிடித்தார். தலைமயிர் கலையாமல் சுட்டார். எதிரிகள் சரிந்து சரிந்து விழுந்தார்கள். கொட்டகை விசிலால் கிழிந்தது. நான் மாமாவைத் தேடிக்கொண்டே இருந்தேன். ஒருவழியாக மண்மூட்டைகளுக்குப் பின்னால் அவர் முகம் வந்தது. அம்மா கிள்ளினாள்.

ஒரு குண்டு வெடித்தது. மாமா துப்பாக்கியைக் கீழே போட்டார். எடுத்துத் தோட்டாவைப் போடப் பார்த்தார், கை நடுங்கியது. தோட்டா விழுந்தது. குனிந்து எடுத்தார், மறுபடி விழுந்தது. பல் தந்தி அடித்தது. தொப்பி நழுவிக் கண்ணை மூடியது. “அம்மா, நான் ஊட்டுக்குப் போறேன்” என்றார். அதுதான் அவர் பேசிய வசனம். கொட்டகையே உருண்டு சிரித்தது. மண் தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் முதுகை ஒருவர் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் வண்டியில் வந்தவர்களும் சிரித்தார்கள். பிறகு அப்பா இருப்பது நினைவுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அம்மாவின் விரல் என் தொடையிலேயே இருந்தது. ஆனால் கிள்ளவில்லை. அப்பா கோட்டைக் கழற்றி, உள்பக்கம் வெளியே தெரியும்படி மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் புது விளையாட்டு ஆரம்பமாகியிருந்தது. குச்சி ஒன்றைத் துப்பாக்கிபோல் பிடித்துக்கொண்டு நடுங்க வேண்டும். யார் நன்றாக நடுங்குகிறார்களோ அவர்களுக்குக் கைதட்டல். “உங்க மாமன் பயந்தாங்கொள்ளி” என்றாள் என் பெஞ்சுக்காரி. அவள் கையைக் கடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா திட்டவில்லை. அப்பா, “எந்தக் கையி?” என்று மட்டும் கேட்டார்.

பத்துப் பன்னிரண்டு நாளில் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு மாமா வந்தார். எப்போதும்போல் வாசலில் நின்றே என்னை “அம்முணி!” என்று கூப்பிட்டார். எனக்கு ஓடிப்போவதா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை. ஓடித்தான் போனேன். அப்பா மாட்டுக் கட்டுத்தறிப் பக்கம் போய்விட்டார். சாப்பாட்டு நேரத்தில்தான் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அடக்க முடியவில்லை.

“ஏம் மாப்ள, ஊரே சிரிக்குது.”

மாமா சோற்றைப் பிசைந்தபடி, “நெசமாலுமா மச்சான்? நல்லாச் சிரிச்சாங்களா?” என்றார்.

“இதுக்கா உன்னையப் பட்டாளத்துக்கு அனுப்புனது?”

“நீங்க எங்கீங்க அனுப்புனீங்க? நானாத்தான ஓடிப்போனேன்.”

அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதனால் கோபம் இன்னும் அதிகமாயிற்று. “சண்டையே பாக்காத ஒருத்தன் குன்றப் புடிக்கறான். சண்டைக்குப் போன நீ மூட்டைக்குப் பொறத்தால ஒளியற. என்னால கடைவீதிக்குப் போவ முடியல” என்றார்.

மாமா தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, “அக்கா, நோம்பிக்குப் பகல் ஆட்டம் போடுவாங்கல்ல? நாளைக்கு எல்லாரும் போலாம். நான் இன்னும் அந்தப் படத்தச் சனங்களோட உக்காந்து பாக்கலீங்க” என்றார். அப்பா வரமாட்டேன் என்றார். வண்டி பூட்டும் நேரத்தில், மாட்டுக்கு வேறு யார் கைக்கும் பழக்கமில்லை என்று சொல்லிக்கொண்டு ஏறிக்கொண்டார். கோட்டு வரவில்லை.

பகல் ஆட்டத்துக்குக் கொட்டகையைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். உள்ளே புழுக்கம் அடுப்பாக இருந்தது. நோம்பிக் கூட்டம். திரையில் மாமா வந்த மண்மூட்டைக் காட்சியைக் கூட்டம் முன்னைவிட அதிகமாகச் சிரித்துக் கொண்டாடியது. மாமா சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. திரையை விட்டுவிட்டுச் சிரிக்கிற முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் யாரோ அவரை அடையாளம் கண்டுபிடித்துவிட்டார்கள். கொட்டகை முதலாளி, தரையில் உட்கார்ந்திருந்தவரைக் கையைப் பிடித்துத் தூக்கி, திரைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். “நடுங்கிக் காட்டு! நடுங்கிக் காட்டு!” என்று ஒரே சத்தம். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். முறுக்கு விற்கிறவர்கூட விற்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

மாமா இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். விரல்கள் நடுங்கின. கூட்டம் சிரித்தது. அவர் நிறுத்தவில்லை. நடுங்கிக்கொண்டே இருந்தார். சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்து, கடைசியில் பின்வரிசையில் ஒருவர் மட்டும் சிரித்து, அவரும் நிறுத்திக்கொண்டார். அப்புறம்தான் மாமா பேசினார். கத்திப் பேசவில்லை. ஆனாலும் எனக்குக் கேட்டது.

“இதுல நடிப்பு ஒண்ணும் இல்லீங்க. பர்மாவுல மொத நாள் எனக்கு இப்பிடித்தான் ஆச்சு. தோட்டா கையில நிக்கல. பக்கத்துல இருந்த பையன் என்னையப் பாத்து, இப்ப நீங்க சிரிச்சீங்க பாருங்க, அதே மாதிரிச் சிரிச்சான். பொழுது எறங்கறதுக்குள்ள அவன் போயிட்டான். அவன் நல்ல பையனுங்க. இந்தப் படத்துல எனக்கும் சுடற வேஷந்தான் குடுத்தாங்க. நான்தான் கேட்டு இத வாங்குனேன். பயந்தவனுந்தான் அங்க நின்னான். பயந்துட்டே நின்னான். அத ஆராவது ஒருத்தர் காட்டோணுமில்லீங்களா? இந்தக் கூட்டத்துல பட்டாளத்துல இருந்தவங்க இருந்தாச் சொல்லுங்க. நான் சொல்றது பொய்யா?”

கொட்டகையில் பனையோலை விசிறிகள் அசையும் சத்தம் மட்டும் கேட்டது. யாரும் பதில் சொல்லாவிட்டால் மாமா அங்கேயே நிற்க வேண்டியதுதானே என்று எனக்குப் பயமாக இருந்தது.

தரை வகுப்பில் ஒரு ஆள் எழுந்தார். தினமும் எங்கள் வீட்டுப் பாலை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போகிறவர். அவர் பட்டாளத்தில் இருந்தார் என்பது அப்பாவுக்கே தெரியாது. “பொய்யில்லீங்க” என்றார். அவ்வளவுதான். உட்காரவில்லை.

அடுத்து நாற்காலி வகுப்பில் ஒரு ராவுத்தர் எழுந்தார். பாலக்காட்டிலும் கொழிஞ்சாம்பாறையிலும் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். வெள்ளைச் சட்டை, அத்தர் மணம், எல்லாரும் எழுந்து வழிவிடுகிற மனிதர். “நான் பட்டாளத்துல லாரி ஓட்டுனேன் தம்பி. மேல ஏரோப்ளேன் சத்தம் கேட்டா ஸ்டீரிங்கப் புடிக்க முடியாது. துணியெடுத்து ரெண்டு கையையும் அதோட சேத்துக் கட்டிட்டுத்தான் ஓட்டுனேன். இத எங்க ஊட்டுல உள்ளவங்ககிட்டக்கூடச் சொன்னதில்ல” என்றார். சொல்லிவிட்டு, அந்தக் கனத்த உடம்பை நிமிர்த்தி, மாமாவுக்கு ஒரு சல்யூட் அடித்தார். மாமாவும் அடித்தார்.

அதன் பிறகு அங்கொருவர் இங்கொருவராக எழுந்தார்கள். பீடியை அணைத்துவிட்டு ஒருவர், மடியில் தூங்கிய குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு ஒருவர். எல்லாரும் நாங்கள் சந்தையிலும் கோயிலிலும் பார்த்துப் பழகிய ஆட்கள்தான். எழுந்து அப்படியே நின்றார்கள். பட்டாளத்தை எட்டிக்கூடப் பார்த்திராத எங்கள் அப்பாவும் அவர்களோடு எழுந்து நின்றார். ஏன் நிற்கிறார் என்று அவரை யாரும் கேட்கவில்லை. நானும் எழுந்தேன். எழுந்து, முன்வரிசையில் என் பெஞ்சுக்காரியின் பின்னந்தலை தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தேன். அவள் வந்திருக்கவில்லை. அந்த ஒரு குறை எனக்கு வெகு நாள் இருந்தது.

மறுபாதிப் படத்தில் கதாநாயகன் இன்னும் ஒரு குன்றைப் பிடித்தார். ஒரு விசில்கூடக் கேட்கவில்லை. “நல்ல படத்தக் கெடுத்துப் போட்டாரப்பா” என்று முதலாளி வாசலில் யாரிடமோ அலுத்துக்கொண்டார். ஆனால் மாமாவுக்கு ஒரு சோடாவை உடைத்து அவரே கையில் கொடுத்தார்.

வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வண்டியில் அப்பா ஓட்ட, மாமா பக்கத்தில் உட்கார்ந்தார். வழி நெடுக அப்பா எருமையைப் பற்றியே பேசினார். கன்று போட்டது, பால் கூடியது, பருத்திக்கொட்டைக்கு அது எப்படிப் பழகியது என்று நிறுத்தாமல் பேசினார். நடுவில் ஒரு தடவை மட்டும், சம்பந்தமே இல்லாமல், மாமாவின் முழங்காலில் கையை வைத்து எடுத்தார். பின்னால் அம்மா, தம்பியின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தாள், சின்னப் பிள்ளை கூட்டத்தில் பிடித்துக்கொள்வதுபோல.

எனக்குப் பெருமை நெஞ்சில் இடம் கொள்ளவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டு வந்தேன். பால்காரர், ராவுத்தர், சல்யூட் எல்லாம் இருந்தது. ஒரே ஒரு விஷயம்தான் குறைந்தது. முதல் நாள் கை நடுங்கியது, சரி. அதற்கடுத்த நாட்களில் நடுங்கியிருக்காதே. நடுங்காத கை என்ன செய்தது என்றும் சொன்னால்தானே கதை முழுசாக இருக்கும்.

“மாமா, பொறவு நீங்க எத்தன பேரச் சுட்டீங்க?” என்று கேட்டேன்.

அப்பா எருமைப் பேச்சை நிறுத்தினார். அம்மா என்னைத் திட்டவில்லை; சட்டை நுனியை மட்டும் விட்டுவிட்டாள். மாமா முன்னால் திரும்பிச் சாலையைப் பார்த்தார்.

“மாடு களைச்சுப் போச்சுங்க மச்சான். மேடு வேற வருது. நான் எறங்கி நடக்கறேன்” என்றார். ஓடுகிற வண்டியிலிருந்தே குதித்து, மாட்டின் திமிலில் ஒரு கையை வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

எங்கள் ஊர் வரைக்கும் அந்தச் சாலையில் மேடே கிடையாது. அது எனக்கும் தெரியும். ஆனாலும், வாயில்லாத மாட்டுக்காக இறங்கி அத்தனை தூரம் நடக்கிற மாமா வேறு யாருக்கு இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் சொல்ல வேண்டியவற்றில் அதையும் சேர்த்துக்கொண்டேன்.