அந்த வழியால் வராத லொறி

என் மனைவி வசந்தி உயிரோடு ரொறன்ரோவுக்குத் திரும்பமாட்டாள் என்று நான் நினைத்த ஒரு பின்னேரத்தைப் பற்றி அடியார்களுக்குச் சொல்லவேண்டும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஒரு யூலை மாதம். எங்களுக்குக் கலியாணமாகிப் பத்து வருடம். பெரு நாட்டின் மலைகளையும் இன்கா மன்னர்களின் பழைய கல்நகரங்களையும் பார்க்கவேண்டுமென்பது அவளுடைய ஆசை. உயிருக்குப் பயந்து நாடு நாடாக ஓடியது போதும், ஒருமுறையாவது ஆசைக்காகப் பயணம் போவோம் என்றாள். பிள்ளைகள் இருவரையும் ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் அவளின் தங்கை வீட்டில் விட்டுவிட்டுப் புறப்பட்டோம்.

நான் லேசில் ஒருவரையும் நம்பாதவன். கனடா வந்துசேரும்வரை, காசு வாங்கிக் களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர்களின் கையில் பட்ட பாடு அப்படி. பெருவிலும் பாஸ்போட்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் படுத்தேன். எங்களுடைய வழிகாட்டி ஆங்கிலம் தெரிந்த இளைஞன். எதற்கெடுத்தாலும் சிரித்தான். இவ்வளவு சிரிக்கிறவனிடம் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். மலைக் குளிருக்கு நல்லதென்று அவன் தந்த இலைத் தேநீரை மணந்து பார்த்துவிட்டு, அவன் காணாதபோது ஊற்றிவிட்டேன்.

நாங்கள் வந்த வான் வண்டி எங்களை உயரத்தில் இருந்த ஓர் இடிபாட்டருகே இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. அடுத்தநாள் நடந்து கணவாயைக் கடந்தால் மறுபக்கத்தில் வந்து ஏற்றுமாம். எதிரே பனிமலை. சாந்தே இல்லாமல் கல்லோடு கல் பொருத்திய சுவர்கள், கத்தி நுனிகூட நுழையாது. கீழே பள்ளத்தாக்குவரை படிப்படியாக வயல்கள். இதைப் பார்க்கத்தானே வந்தாள்? ஆனால் அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. காலையிலிருந்தே தலையிடி. பிறகு ஜக்கெற்றின் சிப்பைப் பூட்டத் தெரியாமல் தடுமாறினாள். கால்கள் பின்னின. கல்லொன்றில் இருந்துகொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"கெனடி பஸ் போயிட்டுதேப்பா? எனக்கு வேலைக்குப் பிந்தப்போகுது."

அது ரொறன்ரோவில் அவள் தினமும் வேலைக்குப் போகும் பஸ்.

வழிகாட்டியின் சிரிப்பும் நின்றது. மலை உயரம் அவளின் தலைக்கேறிவிட்டது, உடனே கீழே இறக்காவிட்டால் ஆபத்து என்றான். ஆனால் நாளைவரை இந்தப் பாதையால் ஒரு வாகனமும் வராது, கிராமத்துக்கு ஓடிப்போய்க் குதிரை கொண்டுவருகிறேன் என்றான். சொன்னதுமே ஓடிவிட்டான். நான் நம்பவில்லை. வாகனம் வராதென்று ஏன் சொல்கிறான்? எங்களைக் கைவிட்டுப் போகிறானா, ஆட்களைக் கூட்டிவந்து பறிக்கப் போகிறானா?

அவளைத் தோளில் சாய்த்து, இழுத்து இழுத்துப் பாதையோரம் கொண்டுவந்தேன். அவள் வாந்தியெடுத்தாள். பிறகு பேச்சில்லை. பிள்ளைகளுக்கு என்ன சொல்வேன்? முறையாகக் கும்பிட எனக்கு வரவில்லை. சண்டை பிடிக்கிறவன்போலத்தான் கேட்டேன்.

"முருகா, குன்றிலெல்லாம் நீ நிக்கிறாய் எண்டு சொல்லுறாங்கள். இந்தக் குன்றில நிக்கிறியோ?"

கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சத்தம் கேட்டது. உருளைக்கிழங்கு மூட்டைகளோடு ஒரு பழைய லொறி வந்து நின்றது. சாரதி கம்பளித் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டிருந்தான். முகம் தெரியவில்லை. அவன் பாஷை எனக்கும், என் பாஷை அவனுக்கும் புரியவில்லை. வசந்தியைப் பார்த்தான், முன் இருக்கையைக் காட்டினான். நான் இலக்கத் தகட்டைப் பார்த்தேன். சேறு மூடியிருந்தது. வேறு வழியில்லாமல்தான் ஏறினேன். ஒரு கையால் அவளையும் மறுகையால் கதவின் பிடியையும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நெடுநேரம் இறங்கிய பிறகு, லொறி திடீரென்று ஒரு மண் ஒழுங்கைக்குள் திரும்பியது. சரி, முடிந்தது என்று நினைத்தேன். அப்போது வசந்தி தலையைத் தூக்கினாள்.

"இஞ்சாருங்கோ, ஏன் என்ர கையை இப்பிடி நெரிக்கிறியள்?"

அவளுடைய பழைய குரல். நான் அழுதுவிட்டேன். ஒழுங்கையின் முடிவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. உள்ளே ஒட்சிசன் இருந்தது.

இன்னும் ஓர் இரவு மேலே இருந்திருந்தால் பிழைத்திருக்கமாட்டாள் என்று டொக்டர் சொன்னார். அவருக்கு ஆங்கிலம் தெரியும். வெளியே நின்ற சாரதியிடம் விசாரித்துச் சொல்லும்படி அவரைக் கேட்டேன். என் புத்தி அப்படி. எப்படி அந்த நேரத்தில் அங்கே வந்தான்? அவன் ஒருநாளும் அந்த வழியால் போகிறவன் இல்லையாம். வழக்கமான பாதையில் அன்று மத்தியானம் கல் சரிந்து விழுந்ததால் சுற்றி வந்தானாம்.

அடுத்தநாள் வழிகாட்டி குதிரையோடு எங்களைத் தேடி வந்துசேர்ந்தான். உதடு வெடித்திருந்தது. அவனையும் கேட்டேன். இத்தனை வருடத்தில் அங்கே அந்த நேரத்தில் ஒரு லொறியைக் கண்டதேயில்லை என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அந்த வழியால் வாகனம் வராதுதான். எங்களுக்காக வந்தது.

அதற்கு முன்பெல்லாம் வசந்தியைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு நான் காருக்குள் இருந்து ரேடியோ கேட்பேன். இப்போது இறங்கி உள்ளே வருகிறேன். இன்றும் முன்பின் தெரியாதவரைக் கண்டால் சந்தேகம் வரத்தான் செய்கிறது. அதைக் கொண்டுபோய் முருகனுக்கு முன்னாலேயே வைக்கிறேன்.

உங்களில் யாருக்காவது பெரிய கஷ்டம் இருக்கலாம். முழு நம்பிக்கை வந்த பிறகு கும்பிடுவோம் என்று காத்திருக்காதீர்கள். நான் சந்தேகத்தோடுதான் கூப்பிட்டேன். அவன் வந்தான்.