கடன்கார ராஜாவும் என் இரண்டாவது படமும்

மன்னர் மானியம் நின்றுபோன சமயம். ஹைதராபாத்தில் ஓர் அரசாங்கத் தொழிற்சாலையின் டிராயிங் ஆபீஸில் நான் டிராஃப்ட்ஸ்மேன். எங்கள் மேலதிகாரிக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ராஜா. மானியம் நின்றுபோன ராஜா மாதிரி, கீழே வேலை பார்க்கிறவர்களிடமே கூச்சமில்லாமல் கைமாற்று வாங்குவார், திருப்பித் தரமாட்டார். என் நாற்பது ரூபாயும் அதில் அடக்கம்.

கேட்க வாய் வராததால் வரைந்தேன். அடகுக் கடை வாசலில் கிரீடத்தோடு ராஜா, பின்னால் கடன் கொடுத்தவர்களின் வரிசை. டிராயிங்குகளை நகலெடுக்கிற அமோனியா மெஷினில் ஆறு பிரதி எடுத்து, ஒன்றைக் கேன்டீன் சுவரில் ஒட்டினேன். வரைந்தது யாரென்று தெரியாமலேயே எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாவது படம் பொறாமையில் வரைந்தது. பிளானிங் செக்‌ஷன் டைப்பிஸ்ட் ஒரு செகந்திராபாத் தமிழ்ப் பெண். பேகம்பேட் பஸ் ஸ்டாப்பில் இரண்டு வருஷமாக அவளுக்குப் பக்கத்தில் நின்றும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. ஒரு சாயங்காலம் அவள் ராஜாவின் காரில் ஏறிப் போனாள்.  ராஜா அவள் காலடியில் மண்டியிட்டுக் கிரீடத்தை நீட்டுகிற மாதிரி, பெரிய தாளில், ஸ்கேல் வைத்து, அவள் மூக்குக் கண்ணாடி உட்பட வரைந்து ஒட்டிவிட்டேன்.

மறுநாள் அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு என் பலகைக்கு முன்னால் வந்து நின்றாள். வலது கீழ்மூலையைக் காட்டினாள். எல்லா டிராயிங்குக்கும் போடுகிற கட்டத்தை என் கை பழக்கதோஷத்தில் இதற்கும் போட்டிருந்தது. வரைந்தவர்: என் இனிஷியல். பக்கத்தில் தேதி.

"உங்க கைக்கு இதுதான் வேலையா?" என்றாள். "எங்கிட்டயும் நூத்தம்பது ரூபா வாங்கியிருக்காரு. வீட்டுக்கு வந்தா தர்றேன்னாரு, அதுக்குத்தான் போனேன். அவங்க வீட்டம்மா காப்பி குடுத்தாங்க, அவரு பணம் குடுக்கல. இப்ப இந்தப் படம் எங்கண்ணன் காதுக்குப் போயி, வேலைய விடுங்கறான்."

என்னால் தலை நிமிர முடியவில்லை. அப்படி ஒரு வெட்கம் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வந்ததில்லை. என்ன செய்யட்டும் என்று கேட்டேன். அதே சுவரில், என் பெயரோடு திருத்தி ஒட்டச் சொன்னாள். போகும்போது திரும்பினாள்.

"ரெண்டு வருஷமா பக்கத்துலயே நிக்கிறீங்க. பேச தைரியம் வரல, வரைய மட்டும் வந்துச்சா?"

டிராயிங்கில் தப்பு வந்தால் எண் போட்டுத் திருத்தம் எழுதுவது எங்கள் வழக்கம். 'திருத்தம் ஒன்று: இந்தப் பெண் காதலி அல்ல, கடன் கொடுத்தவர். தவறு வரைந்தவருடையது.' கீழே முழுப் பெயரையும் போட்டேன். படத்தையும் மாற்றி, அவளைக் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் முதல் ஆளாக நிறுத்தினேன். அடுத்த ஆளாக என்னை வரையக் கை போனது. நல்லவேளை, நிறுத்திக்கொண்டு அதே சுவரில் ஒட்டினேன்.

ராஜா என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நானும் நாற்பதைக் கேட்பேன் என்று நினைத்திருக்கலாம். அந்தச் சம்பள நாளில் அவளுக்கு மட்டும் முழுப் பணத்தையும் கொடுத்தார். அவள் வேலையை விடவில்லை, பஸ் ஏறுகிற இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டாள். நான் அதே ஸ்டாப்பில், அதே நேரத்துக்கு, இன்னும் ஒரு வருஷம் நின்றேன்.